நம்ம ஆளுங்கதானே

அவர் கதவைச் சாத்தி ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

மற்றபடி அவர் கைபட்ட எதுவும் மூடிக்கொண்டதில்லை. ஜொகூரின் தம்போயில், டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் வீட்டுத் தரகு அலுவலகம். அதன் கண்ணாடிக் கதவுக்கு எப்போதும் ஒரு செங்கல் முட்டுக்கொடுத்திருக்கும். உள்ளே ஏர்கோன் ஓடும். வெளியிலிருந்து சாலையின் வெக்கை படியேறி வரும். இரண்டும் என் மேசைமீது சந்தித்துச் சண்டை போட்டுக்கொள்ளும். காரைவிட்டு இறங்கினால் கண்ணாடியை ஏற்றமாட்டார். பேனா மூடிகளைத் தொலைப்பார். தைலப் புட்டியின் மூடியையும் தொலைத்துவிட்டுக் காகிதத்தைத் திருகி அடைத்து வைத்திருப்பார். அவர் படியேறுமுன் அந்த வாசம் ஏறிவிடும்.

"அண்ணனுக்கு மூடுறதுன்னாலே ஆகாது. வாயும் அப்படித்தான்" என்று டயர் கடையில் கேலி செய்வார்கள். வாயைப் பற்றி அவர்கள் சொன்னது மட்டும் தப்பு. மூடவேண்டிய இடத்தில் அந்த வாய் மூடியே இருந்தது. அவரை நினைக்கும்போதெல்லாம் நாக்கில் ஏறும் கசப்பு அதுதான்.

பெயரை எழுதப் போவதில்லை. தம்போயில் பாதித் தமிழருக்கு அவர் அண்ணன். எனக்கும் அப்படியே இருக்கட்டும்.

வேலை கேட்டு நான் போன அன்று, சான்றிதழ்க் கோப்பை நீட்டினேன். அதைத் திறக்காமல் மேசையோரம் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்த எஸ்டேட், தங்கச்சி?"

"நான் டவுன்ல பொறந்தவண்ணே. அம்மாதான் எஸ்டேட். சாஆ பக்கம்."

"சாஆல எங்க?"

சொன்னேன். முகம் விரிந்தது. "அலமாக்! அது நம்ம எஸ்டேட்டுக்கு அடுத்த டிவிஷன் லா. அம்மா பேர் என்ன? மண்டோர் வீட்டுக்கு எதுத்த லயமா?"

கங்காணி வீட்டுக்கு எதிரே இருந்த தொழிலாளர் வரிசைவீடு வரை விசாரித்துவிட்டார். அவ்வளவுதான். தேநீர் வருமுன் வேலை கிடைத்துவிட்டது. தேநீர் ஆறுமுன் சாவிகள் கிடைத்துவிட்டன. வாடகைக்கு இருந்த வீடுகளின் சாவிகள் எல்லாம் ஒரு பலகையில் தொங்கும். ஒவ்வொன்றிலும் அந்த வீட்டின் விலாசம் எழுதிய அட்டை. சாவியும் விலாசமும் ஒரே வளையத்தில் இருக்கலாமா என்று கேட்டேன். "பின்ன எது எந்த வீட்டுதுன்னு எப்படிம்மா தெரியும்?" என்று சிரித்தார். "யார் வரப்போறா? நம்ம ஆளுங்கதானே."

அந்தச் சொல்லில்தான் அவர் குடியிருந்தார். வாடகைக்கு வீடு தேடி வந்தவன், வீடு வைத்திருந்தவன், தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தவன், விலாசம் தவறி ஏறி வந்தவன், யாராக இருந்தாலும் முதல் கேள்வி எஸ்டேட். இரண்டாவது பதிலுக்குள் ஓர் உறவைத் தோண்டி எடுத்துவிடுவார். மூன்றாவது பதிலுக்கு வந்தவன் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து எங்களோடு உட்கார்ந்திருப்பான். வங்கிகள் கைரேகை கேட்கின்றன, எல்லைச் சாவடியில் கண்மணியைப் படம் பிடிக்கிறார்கள். அவருக்கு ஓர் எஸ்டேட் பெயர் போதும். அதைச் சரியாகச் சொன்னவனுக்கு எல்லாம் திறக்கும்.

"எங்க லயத்துல பூட்டே கெடையாது தெரியுமா?" என்று சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். இதை என் அம்மாவிடம் சொன்னபோது அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "திருட ஒண்ணும் இல்லாத எடத்துல பூட்டு எதுக்குடி?" என்றாள்.

ஆனாலும் அவரைச் சும்மா ஏமாளி என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. இந்த ஊரில் வீட்டு விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். அறை எத்தனை, குளியலறை எத்தனை, கடைசி வரியில் இந்தியர்களுக்கு இல்லை. சில விளம்பரங்களில் அது எழுதப்படுவதில்லை. தொலைபேசியில் நம் பெயரைச் சொன்னதும் வீடு போய்விடும். அந்த வரியோடு அவர் காலமெல்லாம் மல்லுக்கட்டினார். ஒருமுறை நானும் கூடப் போனேன். வீட்டுக்காரம்மாள் கையை விரித்தாள், இந்தியர் வேண்டாம், சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காகிவிடும் என்று மலாயில் சொன்னாள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவள் கொடுத்த தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "ஆன்ட்டி, நானும் இந்தியன்தான். என்னை உள்ள விட்டு, நல்ல நாற்காலி போட்டு, தே குடுத்துட்டீங்களே. சுவர் நல்லாத்தானே இருக்கு?" என்றார். அவள் சிரித்துவிட்டாள். சாவியோடு வெளியே வந்தோம். காரில் ஏறியதும் அவர் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உலகம் அவரை வாசலில் நிறுத்தி வைத்த அத்தனை முறையும் சேர்ந்துதான் அந்தச் செங்கல்லாகிக் கதவடியில் கிடந்தது என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இன்று அது போதவில்லை.

அலுவலகத்தின் வைஃபைப் பெட்டி, கோப்பு அலமாரிக்கு மேல், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை போடும் பூச்சரத்தின் நுனி அதன்மேல் விழுந்து, பச்சை விளக்குகள் பூவுக்குள்ளிருந்து கண் சிமிட்டும். கடவுச்சொல் அவர் பிறந்த எஸ்டேட்டின் பெயர். அதைச் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதி, மேலே "வாங்க, வாங்க" என்றும் எழுதியிருந்தார். கீழே டயர் கடையில் எல்லோருடைய கைப்பேசியும் எங்கள் வைஃபையில்தான் ஓடியது. வெயிலுக்கு ஒதுங்கும் மோட்டார்சைக்கிள்காரர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ள மாதம் ஒருமுறை வருபவர் ஆ மெங். சிகரெட்டும் சலிப்புமாக இருக்கும் நடுவயதுச் சீனர். வந்ததும் அந்தப் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"போஸ், இனி பஹாயா லா" என்றார் ஒருநாள். ஆபத்து என்று மலாயில் சொன்னதோடு நிறுத்தாமல், என் கணினியைத் திருப்பிக் காட்டினார். பிரதி எடுக்கும் எங்கள் இயந்திரம் ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு தாளையும் ஒரு பொதுக் கோப்புறையில் போட்டுவைக்கும். குடிவருபவர்களின் அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆளின் பெயரும் வீட்டு விலாசமும்தான் தலைப்பு. ஆ மெங் தன் கைப்பேசியை எங்கள் வைஃபையில் சேர்த்தார், விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அந்தக் கோப்புறை அவர் கைக்குள் திறந்தது.

"படிக்கட்டுல உக்காந்திருக்கறவன்கூடப் பாக்கலாம், போஸ். விருந்தாளிக்கு வேற லைன் போடுவோம். இதுக்கு ஒரு பூட்டுப் போடுவோம்."

"மெங், வர்றவங்ககிட்ட நீ அந்த லைன், நான் இந்த லைன்னு சொல்லச் சொல்றியா? நம்ம ஆளுங்கதானே."

ஆ மெங் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அன்று ஒரு பூட்டுப் போட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த வாரமே எங்களோடு வேலை பார்த்த ஒரு வயதான தரகருக்கு ஏதோ தாளைத் திறக்க முடியவில்லை. அண்ணன் ஆ மெங்கை அழைத்து அதை எடுக்கச் சொன்னார். என் மேசைக் கணினிக்கு மட்டும் நான் கடவுச்சொல் வைத்தேன். அதற்கு அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "என்னையே வெளியில நிக்க வெச்சிட்டியே தங்கச்சி" என்றார். அந்த வாரம் முழுக்க என் மேசைக்கு வரும்போது, இல்லாத கதவைத் தட்டுவதுபோல விரலால் மேசையைத் தட்டிவிட்டு நின்றார்.

அந்த வருடம்தான் ரீத்தா வந்தாள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து பேருந்தில் வந்திருந்தாள், பள்ளிச்சீருடையிலேயே இருந்த மகளோடு. கழுத்தில் சிறிய சிலுவை. தம்போயில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. கம்பிகளைப் பற்றவைக்கும் வேலை. வீடு இல்லை.

"எந்த எஸ்டேட்மா?"

"நான் எஸ்டேட் இல்லண்ணே. அப்பா மண்பாண்டக் கடையில வேலை செஞ்சாங்க."

அண்ணன் ஒரு கணம் தடுமாறினார். பிடித்து ஏறக் கொடி கிடைக்காததுபோல. பிறகு, "பரவால்லம்மா, நீயும் நம்ம ஆளுதான்" என்றார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியக்கூடாது. என் வீட்டுக்காரரு தேடுவாரு. கண்டுபிடிச்சா என்னைக் கொன்னுடுவேன்னு சொல்லிட்டுத்தான் இருக்காரு. சும்மா சொல்ற ஆள் இல்ல."

சட்டைக் கையை மேலேற்றிக் காட்டினாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு நெஞ்சில் கைவைத்தார். "உயிர் போனாலும் என் வாயில வராது."

அவளுக்காக அவர் வெயிலில் அலைந்தார். தனியாக, பிள்ளையோடு வரும் இந்தியப் பெண்ணுக்கு யார் தருவார்கள்? நான்கைந்து வீட்டுக்காரர்களிடம் கெஞ்சி, ஒருவரிடம் கத்தி, தாமான் குடியிருப்பின் கடைசித் தெருவில் ஒரு சின்ன வீடு பிடித்துக் கொடுத்தார். ஒப்பந்தத்துக்கு அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கும்போது ரீத்தா அதன் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, வாடகைக்கு மட்டும் என்று எழுதினாள். யாரும் வேறெதற்கும் பயன்படுத்திவிடாமலிருக்க நாமெல்லோரும் இழுக்கும் கோடுதான். கோடு நேராக இருக்கவேண்டும் என்று அளவுகோல் கேட்டு வாங்கி இழுத்தாள்.

"இதை எங்கண்ணே வெப்பீங்க?"

"நம்ம ஆபீஸ்லதான்மா. பத்திரமா."

இயந்திரம் நகலை விழுங்கியது. பெயர், விலாசம், கோப்புறை. பூவுக்குள் பச்சை விளக்கு சிமிட்டியது.

கொஞ்ச நாளில் ஒரு தொலைபேசி வந்தது. அண்ணன் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுபவர், எல்லோருக்கும் கேட்டது. மரியாதையான குரல். "அண்ணே, என் சம்சாரம் கோவிச்சுக்கிட்டு வந்துருச்சு. தம்போய்ல நம்ம ஆளுங்களுக்கு வீடுன்னா உங்ககிட்டதான் வருவாங்கன்னு சொன்னாங்க. ரீத்தான்னு பேரு. பிள்ளையப் பாக்கணும்ணே."

அண்ணனின் கண் என்மேல் நின்றது. குரல் கொஞ்சமும் மாறவில்லை. "ரீத்தாவா? அப்படி யாரும் வரலியே தம்பி. வந்தா சொல்றேன்." போனை வைத்துவிட்டு நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டார். "பாத்தியா? வாயில வந்துச்சா?" என்று என்னிடம் கேட்டார். குழந்தை கையைக் கழுவிவிட்டு விரித்துக் காட்டுவதுபோல இருந்தது. அன்று அவரை எனக்கு அவ்வளவு பிடித்தது.

"அண்ணே, இப்பவாவது அந்த ஸ்கேனுக்குப் பூட்டுப் போடலாம்."

"அவன் என்ன ஏணி வெச்சு ஏறியா வரப்போறான்? தீபாவளி முடியட்டும், மெங்கைக் கூப்பிடலாம்."

தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிறு எங்கள் அலுவலகத்தில் திறந்த இல்ல உபசரிப்பு. ஒவ்வொரு வருடமும் நடப்பது. அழைப்பிதழ் கிடையாது, யார் படியேறினாலும் சாப்பாடு. மட்டன் பிரட்டலும் ரெண்டாங்கும் நெய்ச்சோறும் மேசைகளை மறைத்தன. மலாய்க்காரர்கள், சீனர்கள், குடியிருப்பவர்கள், வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். அந்தப் பிசுக்குச் சுவர் ஆன்ட்டிகூட வந்தாள். ரீத்தா வரவில்லை. எங்கும் போகாமல் இருப்பதுதான் அவள் வாழ்க்கை.

கூட்டத்தின் நடுவே ஒருவன் வந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கையில் லட்டுப் பெட்டி, பணிவான சிரிப்பு. நான் சோற்றுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவர்களைக் கடந்துகொண்டிருந்தேன்.

"வாங்க தம்பி, வாங்க. எந்த எஸ்டேட்?"

"சாஆ பக்கம்ணே."

"சாஆல எங்க?"

சொன்னான்.

"அட! கோயிலுக்குப் பக்கத்து லயமா, ஆத்துக்குப் பக்கத்து லயமா?"

"கோயிலுக்குப் பக்கம்ணே. திருவிழால எங்க தாத்தாதான் உறுமி அடிப்பாரு."

"அலமாக்! உறுமிக்காரர் பேரனா?" அண்ணன் அவனைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. தட்டில் அவரே சோறு போட்டார், எலும்பில்லாத கறியாகத் தேடிப் போட்டார். சாப்பிட்ட பிறகு அவன் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, ஒரு தாள் பிரிண்ட் எடுக்கணும். லீவு கடுதாசி. நாளைக்கு வேலையில குடுக்கணும்."

"இதுக்கு ஏன் தம்பி தயங்குற? போனைக் குடு, வைஃபை நானே போட்டுத் தரேன்."

தன் எஸ்டேட்டின் பெயரைத் தன் விரலாலேயே, எழுத்தெழுத்தாக, அவன் கைப்பேசியில் தட்டினார். இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. அவன் நன்றி சொன்னான். பிறகு ஏர்கோனுக்குக் கீழே உட்கார்ந்து பாயசம் குடித்தபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அறையில் பாதிப்பேர் அப்படித்தான் குனிந்திருந்தார்கள். போகும்போது அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

இரண்டு நாள் கழித்து, காலை வேலை முடிந்து மூன்று மணி வெயிலில் ரீத்தா வீட்டுக் கேட்டைத் திறந்தபோது அந்த உறுமிக்காரர் பேரன் பின்னால் நின்றிருந்தான், அவள் வீட்டுக்காரன். பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி சத்தம் கேட்டு விளக்குமாற்றோடு ஓடிவந்திருக்காவிட்டால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன். நெற்றி கிழிந்தது. வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது, பற்றவைக்கும் கை. அவனைப் பிடித்த போலீஸ்காரர் அவன் கைப்பேசியில் இருந்ததை எங்களிடம் காட்டினார், இது உங்கள் அலுவலகத் தாள்தானே என்று. ஒப்பந்தம். விலாசம். கூடவே அடையாள அட்டை நகல், அதன் குறுக்கே அளவுகோல் வைத்து இழுத்த இரண்டு கோடுகள்.

மருத்துவமனைக்கு நானும் அண்ணனும் போனோம். அவர் ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கியிருந்தார். கட்டிலோரம் நின்று முதலில் சொன்னது இதுதான்.

"என் வாயில வரலம்மா. சத்தியமா வரல. தங்கச்சியக் கேளு."

ரீத்தா தையல் போட்ட நெற்றியை அவர் பக்கம் திருப்பினாள்.

"உள்ள விட்டீங்களே அண்ணே. அவன்கிட்டயும் எந்த எஸ்டேட்டுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்மா." ஆரஞ்சுப் பையைக் கீழே வைக்கப்போய், வைக்காமல் நிமிர்ந்தார். "சரியாத்தான் சொன்னான்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆரஞ்சுப் பை அவர் கையிலேயே இருந்தது. அவள் அந்த மாதமே மகளோடு ஜொகூரை விட்டுப் போனாள். எங்கே என்று எங்களிடம் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவர் மாறினார். மாறவே இல்லை என்று எழுதினால் அது பொய். சிரிப்புக் குறைந்தது, சட்டை தொளதொளத்தது. பாஸ்வேர்டையாவது மாற்றுவோம் என்றேன். "மாத்துனா எல்லாருக்கும் திரும்பச் சொல்லணும் லா. வயர் என்ன பண்ணுச்சு தங்கச்சி? மனுஷன்தான் கெட்டவன்" என்றார். கோப்புறையில் ரீத்தாவின் பெயரிலிருந்ததை நான் அழித்தேன். மற்றவர்களுடையது எல்லாம் அப்படியே கிடந்தது. பூட்டினால் வேலை நிற்கும் என்றார். ஆ மெங் வருவதை நிறுத்திக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஒரு பகலில், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி படியேறி வந்தாள். தோளில் ஒரு துணிப்பை. வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, வாடகைக்கு வீடு வேணும். உங்ககிட்ட வந்தா கிடைக்கும்னு சொன்னாங்க."

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். நான் அந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"தனியாவா?"

"ஆமாண்ணே. நானும் பிள்ளையும்தான்."

"வீட்டுக்காரரு?"

பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள்.

"இப்ப வீடு ஒண்ணும் இல்லம்மா."

அவர் முதுகுக்குப் பின்னால் பலகை நிறையச் சாவிகள் தொங்கின. காலால் செங்கல்லை நகர்த்தினார். கதவு தானாக, மெதுவாக வந்து சட்டத்தில் பொருந்தியது. 'டப்' என்ற சின்னச் சத்தம்தான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் தலை படிகளில் இறங்கி மறைந்தது.

"இனிமே தனியா வர்ற பொம்பளைங்க வேணாம் தங்கச்சி" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "தொந்தரவு நம்மளத் தேடி வருது."

வெள்ளைப் பலகையில் எஸ்டேட்டின் பெயர் இருந்தது, அதற்கு மேல் "வாங்க, வாங்க." பூ வாடியிருந்தது. விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். சாலையின் இருபக்கமும் பார்த்தேன். லாரிகள்தான் போய்க்கொண்டிருந்தன. திரும்பி மேலே ஏறவில்லை. வேலையை விடுகிறேன் என்று அங்கிருந்தே ஒரு செய்தி அனுப்பினேன்.

இப்போது சிங்கப்பூரில் வேலை. அம்மா வீட்டுக்குப் போகும் பேருந்து அந்தச் சாலை வழியாகத்தான் போகிறது. போன வாரம் டயர் கடைக்கு முன்னால் சிக்னல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மாடியில் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. வெளியே புதிதாக இரும்புக் கிராதி, அதில் கைமுட்டி அளவு ஒரு பூட்டு. அண்ணன் உள்ளே இருந்தாரா என்று தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

மடியில் கைப்பேசி லேசாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்காமலேயே அது அலுவலகத்துக்குள்ளே போயிருந்தது; அதே வைஃபை, மாற்றாத அதே கடவுச்சொல், அலைக்கோடுகள் எல்லாம் நிறைந்து. பச்சை விழுந்து பேருந்து நகர்ந்தது.